குதிரைப் படம் போட்ட வேலி டேப்

சுருளின் மேல் ஒரு குதிரைப் படம் இருந்தது. அதற்காகத்தான் அந்த டேப்பை வாங்கினேன். பிறகு பலரிடம் பல காரணங்கள் சொன்னேன். அகலம் அதிகம், வெயிலுக்குத் தாங்கும், பளிச்சென்று வெள்ளையாக இருப்பதால் மாட்டின் கண்ணில் படும் என்றெல்லாம். அவை அத்தனையும் வீடு திரும்பும் வழியில் காரில் யோசித்துக் கண்டுபிடித்தவை. கடையில் நின்ற நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியது ஒன்றுதான்: குதிரையையே நிறுத்துகிறது, மாடு எம்மாத்திரம். ஐம்பதைத் தாண்டிய, மூன்று பிள்ளைகளுக்கு அப்பாவான ஒரு மனிதனின் மூளை இப்படித்தான் வேலை செய்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்கொண்டு படிப்பவர்களுக்கு என்மேல் பெரிய நம்பிக்கை எதுவும் இல்லாமல் இருப்பது நல்லது.

மாடுகள் என் அக்காவுடையவை. சாஆ என்ற சின்ன ஊருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் கொட்டகை. அத்தான் அந்தத் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் நிர்வாகம் வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம் அது. அத்தான் இறந்த பிறகும் யாரும் அக்காவைக் காலி செய்யச் சொல்லவில்லை. பெரிய மரங்களுக்கு அடியில் மாடு மேய்ந்தால் தோட்டத்துக்கும் லாபம்தான். புல் வெட்டுகிற வேலை குறையும். அக்கா காலையில் பால் கறந்து, மோட்டார்சைக்கிளில் கேன் கட்டி, சாஆவில் வீடு வீடாகவும் கோயிலுக்கும் ஊற்றிவிட்டு வருவாள். அவளுடைய வீடு ஊருக்குள் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில் இருக்கிறது. வாசலில் மோட்டார்சைக்கிளை நிறுத்தினால் மனிதர்கள் பக்கவாட்டில் நுழைய வேண்டிய அளவு வீடு. மாட்டுக்கு அங்கே இடமில்லை. கொட்டகை போனால் மாடுகள் போக வேறு இடம் கிடையாது, லோரியைத் தவிர. அந்த லோரி எங்கே போகிறது என்பது சாஆவில் எல்லோருக்கும் தெரியும். அக்கா மட்டும் அந்த இடத்தின் பேரைச் சொல்ல மாட்டாள். ‘லோரி’ என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

பிரச்சினை மறுநடவில் வந்தது. கொட்டகைக்குப் பின்னால் இருந்த பழைய மரங்களைச் சாய்த்துவிட்டு நிர்வாகம் புதுக் கன்று நட்டது. இடுப்பு உயரத்தில், பச்சைப் பசேலென்று, மாட்டின் வாய்க்கு நேராக. இரண்டு தடவை மாடுகள் உள்ளே போய்க் குருத்தைக் கடித்துவிட்டன. தோட்டத்தின் உதவி மேலாளர், சின்ன துரை, நேரில் வந்தார். மலாய்க்காரப் பையன், மரியாதை தெரிந்தவர், அக்காவைக் ‘காக்’ என்று அவர்கள் மொழியில் அக்கா முறை சொல்லித்தான் கூப்பிடுவார். மின்வேலி போட்டு அடைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு தடவை உள்ளே வந்தால் மாடு ஒன்றுகூட இங்கே இருக்க முடியாது, எனக்கு மேலே இருப்பவர்கள் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்கா இரண்டு நாள் திட்டிவிட்டு மறந்திருப்பாள். அவர் மெதுவாகச் சொன்னதால்தான் பயந்து எனக்கு போன் செய்தாள்.

ஏன் எனக்கு என்று சொல்ல வேண்டும். பாசிர் கூடாங்கில் வேலை செய்கிறவனுக்கு ஒயர் உள்ள எல்லாப் பொருளும் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. நான் அங்கே ஒரு தொழிற்சாலையின் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். கரண்டுக்கும் எனக்கும் உள்ள உறவு, ஷிஃப்ட் முடிந்ததும் வண்டியைச் சார்ஜில் போடுவதோடு சரி. ஆனால் ஒரு தீபாவளிக்கு அக்கா வீட்டு வாசலில் எரியாமல் கிடந்த கலர் விளக்குகளை எரிய வைத்தேன். பிளக்கைச் செருகினேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் கரண்டுக்காரன். இந்தத் தவறைத் திருத்த எனக்கு ஆண்டுக்கணக்கில் வாய்ப்பு இருந்தது, திருத்தவில்லை. சும்மா கிடைக்கிற மரியாதையை யார் திருப்பிக் கொடுப்பார்கள்.

“தம்பி, கரண்டு வேலி போடச் சொல்றாரு. ஒனக்குத்தான் தெரியுமே,” என்றாள்.

“தெரியும்க்கா. சின்ன வேல.”

“மாடு செத்துகித்துப் போயிராதே?”

“அது வீட்டுக் கரண்டு மாதிரி இல்லக்கா. விட்டு விட்டு வரும். சுருக்குன்னு ஒரு கிள்ளு, அவ்ளோதான். சின்ன வயசுல ஒங்கிட்ட நான் வாங்காத கிள்ளா.”

சிரித்தாள். என் பேச்சுக்கு அவள் எப்போதும் சிரிப்பாள். நானும் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் வேலை பாதி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

தெப்ராவில் ஒரு கடை உண்டு. கோழித்தீவனம், மருந்து அடிக்கும் பம்பு, ரப்பர் குழாய், வேலிச் சாமான் எல்லாம் வைத்திருப்பார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பெண் நின்றாள். வேலி டேப் வேண்டும் என்றேன். இந்த டேப்பைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: பிளாஸ்டிக் நூலில் நெய்த நாடா, உள்ளே மெல்லிய கம்பி இழைகள் ஓடும், கரண்டு அந்த இழைகளில் போகும். அவள் இரண்டு சுருளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்று விரல் அகலம், வெள்ளையில் சிவப்புக் கோடு, பார்க்கப் பரிதாபமாக இருந்தது. இன்னொன்று உள்ளங்கை அகலம், அதில்தான் குதிரை.

“எவ்ளோ தூரம் இழுக்கப் போறீங்க அங்கிள்?”

“கொஞ்சம் தூரம்தான்.”

“டேப்புல புல்லு படுமா?”

“வெட்டிருவோம்.”

“தூரம்னா இந்தச் சின்னத எடுங்க. இதுல கம்பி அதிகம், செம்பு கலந்துருக்கு, கடைசி வரைக்கும் போகும். பெருசு கிட்டத்துக்குத்தான் சரி. கண்ணுக்குத் தெரியணும்னுதான் அவ்ளோ அகலம். உள்ள கம்பி கம்மி.”

“குதிரையவே நிறுத்துதும்மா.”

அவள் குதிரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “உங்க இஷ்டம் லா அங்கிள்,” என்று பில் போட்டாள். டேப்பை இணைக்கும் இரும்புக் கிளிப்பையும் எடுத்து வைத்தாள். வேண்டாம் என்றேன். மாடு கட்டுகிற குடும்பத்தில் பிறந்தவனுக்கு முடிச்சுப் போடத் தெரியாதா என்ற பெருமை. பேட்டரியில் ஓடும் கரண்டுப் பெட்டியும், மண்ணில் அடிக்கிற எர்த் கம்பியும் மட்டும் அவள் சொன்னபடி வாங்கினேன். அவற்றின்மேல் படம் எதுவும் இல்லாததால் எனக்குச் சொந்தக் கருத்து எதுவும் தோன்றவில்லை.

வேலி போட்ட நாள் நன்றாக இருந்தது. காலையிலிருந்து கம்பம் நட்டு, இன்சுலேட்டர் திருகி, டேப்பை இழுத்துக் கட்டினோம். மதியத்துக்குள் அந்த ஓரம் முழுவதும் வெள்ளைக்கோடு போட்டதுபோல் ஆகிவிட்டது. அக்கா சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தாள். முதல் கம்பத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள். நான் கரண்டுப் பெட்டியின் சுவிட்சைத் தட்டப் போனேன்.

“இரு. மாட்டுக்குக் காட்டிட்டுப் போடு,” என்றாள்.

கொட்டகைக்குப் புதிதாக எது வந்தாலும் முதலில் மாட்டுக்குக் காட்டுவது அவள் வழக்கம். புது வாளி வந்தால் ஒவ்வொரு மாடும் மோந்து பார்க்க வேண்டும். கூரைத் தகரம் மாற்றியபோது ஒரு துண்டை எடுத்துப் போய் ஒவ்வொன்றின் மூக்கிலும் வைத்தாள். புதுசு என்றால் மிரளும், மிரண்டால் பால் குறையும், பழக்கிவிட வேண்டும் என்பாள். அதேபோல் கரண்டு போடாத டேப்பின் ஓரமாக மாடுகளை ஒவ்வொன்றாக நடத்திக்கொண்டு போனோம். நின்று நின்று மோந்தன. நக்கின. செவலைப் பசு, அதுதான் மந்தைக்குத் தலைமை, சினையாகவும் இருந்தது, டேப்பில் கழுத்தைத் தேய்த்துச் சொறிந்துகொண்டது. நானும் சும்மா இருக்கவில்லை. “இது சாப்பாட்டு ரூம்பு, இது கழிவறை, இதுதான் ஒங்க பாதுகாப்பு வேலி. எங்க ஃபேக்டரியில மொத நாள் எங்களயும் இப்படித்தான் சுத்திக் காட்டுனாங்க,” என்று ஒவ்வொரு மாட்டிடமும் சொன்னேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செவலையின் மூக்கைப் பிடித்து டேப்பில் அழுத்தி, “பாரு, ஒன்னும் செய்யாது,” என்று சொன்னவனும் நான்தான்.

அதற்குப் பிறகு கரண்டைப் போட்டேன். முதல் கம்பத்தில் கரண்டு பார்க்கும் டெஸ்டரை வைத்தேன், அதன் விளக்கு எல்லாம் எரிந்தது. கடைசிக் கம்பம் தூரத்தில், மறுநடவை ஒட்டி இருந்தது. இடையில் முடிச்சுகள் வேறு. போய்ப் பார்த்திருக்க வேண்டும். பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது.

கொட்டகைப் பக்கம் ஓரிரு மாடு தொட்டுத் துள்ளிப் பின்வாங்கின. அக்கா போனில் சொன்னாள், நான் வீட்டில் மனைவியிடம் சொன்னேன், கிடங்கில் சக ஆட்களிடமும் சொன்னேன். ஒரு வாரம் நான் வேலி நிபுணன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. வருடக் கடைசி மழை. சாஆ பக்கம் அது வந்தால் நின்று பேசிவிட்டுத்தான் போகும். புல் டேப்பைத் தொடும் அளவுக்கு வளர்ந்தது, தொட்ட இடத்திலெல்லாம் கரண்டு மண்ணுக்குள் இறங்கியது. அக்கா குடை பிடித்துக்கொண்டு ஒரு கையால் எவ்வளவு வெட்டுவாள். அகல டேப் நனைந்து கனத்துத் தொய்ந்தது, காற்றில் படபடவென்று அடித்தது, கம்பத்தில் உரசுகிற இடத்தில் உள்ளே இழை அறுந்தது. வெளியே பார்த்தால் தெரியாது. நாடா முழுசாகத்தான் இருக்கும். அக்கா போனில், “டேப்பு தொங்குது தம்பி,” என்றாள். நான், “அதுவும் வேல செஞ்சு களைச்சிருக்கும்க்கா, லீவு கெடைச்சதும் வரேன்,” என்றேன். சிரித்தாள். ஆனால் முன்னைப்போல் நீளமாகச் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன் என்று இப்போது சொல்லலாம். அன்று கவனிக்கவில்லை.

அந்தக் காலையில் நான் ஷிஃப்ட் முடித்து ஃபேக்டரி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அக்கா போன்.

“உள்ள போயிருச்சு தம்பி.”

“எத்தன?”

“எல்லாம்.”

போய்ச் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் வேலி அறுபடக்கூட இல்லை. டேப்பின்மேல் சாய்ந்து, மிதித்து, நடந்து போயிருக்கின்றன. அங்கே கரண்டு எறும்பு கடிக்கிற அளவுக்குத்தான் இருந்திருக்கும். அதுவும் நக்கிப் பார்த்துப் பழகிய டேப். அக்கா மற்ற மாடுகளை ஓட்டிவிட்டிருந்தாள். செவலை மட்டும் செம்பனைக் கன்றுகளுக்கு நடுவில் படுத்திருந்தது. வாயில் நுரை, கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. புதுக் கன்றின் குருத்தைக் கொம்பு வண்டு குடையும் என்று தோட்டத்தில் மருந்து அடிப்பார்கள். செவலை குருத்தாகப் பார்த்துத் தின்றிருந்தது. அக்கா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தாள்.

சிகாமட்டிலிருந்து கால்நடை டாக்டர் தண்ணீர் ஏறிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஊசி போட்டார். வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து, கையைத் தண்ணீரில் வெகுநேரம் கழுவினார். அதற்குமேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வயிற்றுக்குள் இருந்த கன்று ஒருமுறை புரண்டது, அக்காவின் கைக்குக் கீழே, நானும் பார்த்தேன். பிறகு தாயும் போனது, கன்றும் போனது.

சின்ன துரை வந்தார். கடிபட்ட செம்பனைக் கன்றுகளை நடந்து பார்த்தார். ஒருவரும் பேசாமல் நிற்பது எனக்கு எப்போதுமே ஆகாது. மலாய் மொழியில், “துரை, எங்க மாடு உங்க கன்னுங்களுக்கு முடி வெட்டி விட்டிருக்கு,” என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவிடம், “சாயா டா சக்காப், காக்,” என்றார். நான் முன்னமே சொன்னேனே அக்கா என்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் மாடுகளை எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னார். அதே மனிதர்தான் குழி தோண்டப் பெக்கோ இயந்திரத்தை அனுப்பி வைத்தார். அந்த இரும்புக் கை செவலையைத் தூக்கியபோது அதன் காதில் அக்கா கட்டியிருந்த சிவப்புக் கயிறு ஆடியது. அக்கா அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்று, கீழே கிடந்த என் வெள்ளை டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். யாரும் சுருட்டச் சொல்லவில்லை.

பாசிர் கூடாங் திரும்பியும் எனக்கு வேலை ஓடவில்லை. ஃபோர்க்லிஃப்டைச் சார்ஜில் போடும்போதெல்லாம் அந்த ஒயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரியான வேலியைப் போட்டுக் காட்டினால் சின்ன துரை மனம் மாறுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நம்பவும் தொடங்கிவிட்டேன். என் பேச்சில் நான் எப்போதுமே சுலபமாக மயங்குகிறவன். அக்காவிடம் சொல்லவில்லை. கொண்டுபோய் இறக்கிக் காட்டலாம் என்று வைத்திருந்தேன். சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுத் தெப்ராவ் கடைக்குப் போனேன்.

“அங்கிள், குதிர எப்படி இருக்கு?” என்றாள் அந்தப் பெண்.

“மாடும்மா.”

“மாட்டுக்கா அத வாங்குனீங்க?”

இந்தத் தடவை அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். எவ்வளவு தூரம், எத்தனை மாடு, எந்தப் பக்கம் தாழ்வு, எங்கே புல் அதிகம். பரீட்சையில் இரண்டாம் முறை உட்கார்ந்த பையனைப்போல் கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். அவள் சிவப்புக்கோடு போட்ட அந்த ஒல்லி டேப்பை எடுத்துப் பிரித்து, இழைகளை நகத்தால் விலக்கிக் காட்டினாள். வெள்ளிபோல் மின்னுவது துருப்பிடிக்காத கம்பி, அது பலத்துக்கு. ஈயம் பூசிய செம்பு இழை தனி, தூரத்துக்குக் கரண்டைக் கொண்டுபோவது அதுதான். முடிச்சுப் போட்டால் இழையும் இழையும் சரியாகத் தொடாது, கிளிப்தான் போட வேண்டும். பெரும்பாலும் முன்பே சொன்னதுதான். புதிதாக ஒன்று சொன்னாள்.

“மொத தடவ தொடும்போதே நல்லா அடிக்கணும் அங்கிள். ஒரு சின்ன எடத்துல விட்டு, கரண்டு ஃபுல்லா வச்சு, மாடே வந்து மூக்க வைக்கணும். அப்புறம் ஒரு நாள் கரண்டு இல்லாட்டிகூடக் கிட்ட வராது. கரண்டு போடாம மட்டும் தொட விட்றாதீங்க. ஒரு தடவ பயம் இல்லன்னு தெரிஞ்சிருச்சுன்னா முடிஞ்சுது.”

செவலையின் மூக்கு என் உள்ளங்கையில் ஈரமாக இருந்த ஞாபகம் அப்படியே வந்தது.

“யாரும் அப்படி விட மாட்டாங்க லா, சும்மா சொல்றேன்,” என்றாள் அவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

டேப், கிளிப், இரண்டு எர்த் கம்பி கூடுதலாக. எல்லாவற்றையும் காரில் போட்டுக்கொண்டு சாஆவுக்கு ஓட்டினேன். வழி முழுவதும் சின்ன துரையிடம் பேச வேண்டியதை மலாய் மொழியில் ஒத்திகை பார்த்தேன். மரியாதையாகத் தொடங்கி, நடுவில் ஒரே ஒரு சின்ன வேடிக்கை, பிறகு கெஞ்சல். வேடிக்கையை எடுத்துவிடலாமா என்று யோங் பெங் வரைக்கும் யோசித்தேன். வைத்துக்கொண்டேன்.

கொட்டகை வாசலில் காரை நிறுத்தினேன். செம்மண்ணில் பெரிய டயர்த் தடம் புதிதாக இருந்தது. தடத்தில் தண்ணீர்கூட இன்னும் தேங்கவில்லை. பக்கத்தில் மாட்டுக் குளம்படிகள் ஒன்றின்மேல் ஒன்றாக, எல்லாம் ஒரே திசையில். உள்ளே அக்கா ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு சிமெண்டுத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாடு நிற்கிற ஒவ்வொரு இடமாக, மூலை விடாமல், துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினாள். கயிறுகள் முளையிலேயே கிடந்தன. லோரிக்காரன் தன்னுடைய கயிற்றைக் கொண்டுவந்திருப்பான்.

எனக்கு டேப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையிலேயே வைத்திருந்தேன்.

“நாளைக்கு வரைக்கும் டைம் இருந்துச்சேக்கா,” என்றேன்.

அவள் தண்ணீரை அடுத்த இடத்துக்குத் திருப்பினாள்.

“எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. ஓடி வந்திருப்பேனே. ஏங்க்கா சொல்லல?”

“சொன்னா நீ பேசுவ.”